புசல் என்னும் சொல்: பொருளும் வழக்கும்

பிறமொழிச் சொல்லொன்றைக் கற்கப் புகுவோர் அகராதியைத் திறந்து, அதற்கு நேரான தாய்மொழிச் சொல்லைக் கண்டவளவிலே அமைதியடைதல் இயல்பு. மரம், மலை, மாடு என்றாற்போல வரும் பெயர்களில் இம்முறை ஓரளவு பயன்தரும். அளவுப்பெயர்களிலோ அது பெரும்பாலும் வழுவிலே கொண்டுபோய் விடும். என்னை? அளவு என்பது ஒரு சமுதாயத்தின் கொள்வனவு கொடுப்பனவுகளோடும், வரியோடும் வழக்கோடும், வயலோடும் களத்தோடும் பிணைந்து வளர்வது. காலமும் இடமும் மாறுந்தோறும் சொல் பழைய வடிவிலே நிற்க, பொருள் தானே நழுவிச் சென்றுவிடும். ஆகலின் அளவுப்பெயரின் பொருளை அறிய விரும்புவோர் அதன் வரலாற்றையும் உடன் அறிதல் வேண்டும்.

இவ்வுண்மையை விளக்குதற்கு ஆங்கிலத்திலுள்ள புஷெல் என்னும் அளவுப்பெயரை ஈண்டு எடுத்துக்கொள்கின்றேன். இச்சொல் நமக்கு முற்றும் புறம்பானதன்று. புசல் என்னும் வடிவில் நம் நாட்டு உழவர் நாவிலே பல தலைமுறையாக வழங்கிவருவது. இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியது வகுப்பறையில் நேர்ந்த என் தவறொன்று. அதனை முதற்கண் கூறிவிடுதல் முறையாகும்.

பத்தாந்தர மாணவருக்கு ஆங்கில மரபுத்தொடர்கள் சிலவற்றைக் கொடுத்துப் பொருள் எழுதப் பணித்திருந்தேன். அவற்றுள் ஒன்று, தன் விளக்கைப் புசலின் கீழ் மறைத்தல் என்பது. உழவர் வீட்டு மாணவன் ஒருவன், ‘நாற்பத்தாறு இறாத்தல் நெல்லின் அடியில் விளக்கை வைத்தல்; அவ்வாறு வைத்தால் விளக்கு அணைந்துவிடும்’ என்று எழுதியிருந்தான். விடையை உரக்கப் படித்தபோது வகுப்பு முழுவதும் நகைத்தது. யானும் நகைத்தேன். தவறு எனக் குறியிட்டு, ‘திறமையை வெளிக்காட்டாது அடக்கிக்கொள்ளுதல்’ என்று சரியான விடையை எழுதிக் கொடுத்தேன். இரவு வீட்டிலிருந்து எண்ணிப் பார்த்தபோதுதான், அம்மாணவன் அறிந்த புசல் ஒன்று, அத்தொடர் கூறும் புசல் மற்றொன்று என்பதும், இரண்டிற்கும் இடையிலுள்ள வழியை அவனுக்குக் காட்டவேண்டியவன் யானே என்பதும் புலனாயின.

சொற்பிறப்பு

புஷெல் என்பது ஆங்கிலத்தின் தொல்சொல் அன்று. நோர்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சு மொழியிலிருந்து புகுந்த எண்ணிறந்த சொற்களுள் ஒன்று. பழைய பிரெஞ்சில் அது புவாசெல் என வழங்கிற்று. அதன் வேர் பிரான்சு நாட்டின் பழங்குடியினராகிய கோலியரின் மொழியில் உள்ளங்கையைக் குறித்த சொல் எனச் சொற்பிறப்பு நூலார் கருதுவர். உள்ளங்கை கொண்டது ஒரு பிடி. அப்பிடியின் பெயர் சிறிய தானிய அளவொன்றுக்காகி, அதிலிருந்து பெரிய அளவின் பெயர் பிறந்தது என்பது அவர் துணிபு. அயர்லாந்து மொழியிலும் பிரெத்தன் மொழியிலும் உள்ளங்கையைக் குறிக்கும் இனச்சொற்கள் உள்ளமை இதற்குச் சான்றாகக் காட்டப்படும்.

மனிதனின் முதல் அளவுகருவி அவன் உடம்பே என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. பிடி, சிறங்கை என நாமும் கையாலே முகந்தோம்; சாண், முழம் என அக்கையாலேயே நீட்டியும் அளந்தோம். மொழிகள் வேறாயினும் அளக்கத் தொடங்கிய கை ஒன்றே.

கலமும் கொள்ளளவும்

நம் இலக்கண நூலார் அளவையை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நான்காகப் பகுத்தனர். தேங்காயைப் பத்து என்பது எண்ணல். புளியை ஓர் இறாத்தல் என்பது எடுத்தல். நெல்லை ஒரு மரக்கால் என்பது முகத்தல். துணியை ஒரு முழம் என்பது நீட்டல். இந்நான்கனுள் புசல் முகத்தலளவையின் பாற்பட்டது. முகத்தலுக்குக் கலம் வேண்டும். ஆதலின் புசல் முதலில் ஒரு கலத்தின் பெயராகவும், பின்னர் அக்கலம் கொள்ளும் அளவின் பெயராகவும், அதன்பின் அவ்வளவால் அளக்கப்பட்ட பொருளின் பெயராகவும் நின்றது. ‘புசலைக் கழுவி வை’ என்றால் அது கலம்; ‘இச்சாடி ஒரு புசல் கொள்ளும்’ என்றால் அளவு; ‘இரண்டு புசல் விதைத்தேன்’ என்றால் நெல். கடைசியிலுள்ளதை நன்னூலார் வழிநின்று அளவையாகுபெயர் எனலாம்.

கலத்தின் பெயரே அளவின் பெயராதல் நமக்கும் புதிதன்று. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் அளவுப்பெயர்க்கும் நிறைப்பெயர்க்கும் முதலாக வரும் எழுத்துக்கள் ஒன்பது என வகுத்தார். அளவுப்பெயர்க்கு உரையாசிரியர் காட்டிய உதாரணங்களுள் கலம், சாடி, பானை, நாழி, உழக்கு என்பன காணப்படுகின்றன. இவற்றுள் சாடியும் பானையும் நம் அடுக்களைக்கு உரியன அல்லவோ!

ஆங்கில வாய்பாட்டில் எட்டுக் கலன் ஒரு புசல். நான்கு பெக்கு ஒரு புசல். எட்டுப் புசல் ஒரு குவாட்டர். ஆயின் கலன் என்பது ஊருக்கு ஊர் வேறுபட்டால் புசலும் வேறுபடும். 1215ஆம் ஆண்டில் யோன் மன்னனிடம் பிரபுக்கள் பெற்ற மகாசாசனத்திலே, நாடெங்கும் தானியத்துக்கு ஒரே அளவு வேண்டும் என்ற விதியும் இடம்பெற்றது. அரசனின் கொடுங்கோன்மையைக் கட்டுப்படுத்த வந்த ஆவணத்தில் தானியப் பெட்டியின் அளவும் பேசப்பட்டமை சிந்திக்கத்தக்கது. சிறையும் வரியும் போன்றே அளவும் எளியோரை வருத்தும் கருவியாகலாம் என்பதை அக்காலத்தவர் உணர்ந்திருந்தனர்.

எனினும் விதி எழுதிய அளவில் வழக்கு மாறிவிடவில்லை. பல நூற்றாண்டுகள் கழிந்து, 1696ஆம் ஆண்டுக்குரிய சட்டமொன்றிலேதான் வின்செஸ்ரர் புசல் எனப்படும் அளவு வடிவத்தோடு வரையறுக்கப்பட்டது. அடி தட்டையாய், எங்கும் பதினெட்டரை அங்குல விட்டமுடையதாய், எட்டு அங்குல ஆழமுடையதாய் உள்ள வட்டக்கலமே சட்டத்துக்கு அமைந்த புசல் என்பது விதி. இதன் கொள்ளளவு 2150.42 கன அங்குலம். 1824ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் வேறொரு வழியை மேற்கொண்டது. பத்து இறாத்தல் நீரின் கனவளவு ஒரு கலன் என வைத்து, அதன் எட்டு மடங்கைப் புசல் என்றது. இப்பேரரசுப் புசல் ஏறத்தாழ 2218 கன அங்குலம், அஃதாவது 36.37 இலீற்றர். அமெரிக்கரோ பழைய வின்செஸ்ரர் அளவையே கைவிடாது வைத்துக்கொண்டனர். அவர்களது புசல் 35.24 இலீற்றர். ஒரே சொல்லைப் பேசும் இரு நாடுகளில் அச்சொல்லின் பொருள் ஒரு இலீற்றருக்கு மேல் வேறுபடுகின்றது.

தலைதட்டலும் குவித்தலும்

கலத்தின் உருவை விதித்துவிட்டால் அளவு நிலைபெற்றுவிடுமோ? பெறாது. கலத்தை எவ்வாறு நிரப்புவது என்னும் கேள்வி எஞ்சி நிற்கின்றது. விளிம்போடு ஒரு கோலை ஓட்டி வழித்துவிடுதல் ஒரு முறை. இது தலைதட்டிய அளவு. விளிம்புக்கு மேலே கூம்பாக எழுமளவும் சொரிதல் மற்றொரு முறை. இது குவித்த அளவு. ஆங்கிலத்திலும் இவ்விரண்டுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. 1824ஆம் ஆண்டுச் சட்டம் நிலக்கரி, சுண்ணாம்பு, மீன், உருளைக்கிழங்கு, பழம் ஆகியவற்றைக் குவித்து அளக்கலாம் என்றும், அவற்றை அளக்கும் புசலின் வெளிவிட்டம் பத்தொன்பதரை அங்குலமாகவும் குவியலின் உயரம் ஆறு அங்குலமாகவும் இருத்தல் வேண்டும் என்றும் விதித்தது.

நம் மாணவர் கணித வகுப்பிற் கற்ற கூம்பின் சூத்திரத்தைக் கொண்டு இதனைக் கணித்துப் பார்க்கலாம். அக்குவியல் ஏறத்தாழ 597 கன அங்குலம். புசலின் கொள்ளளவாகிய 2218இல் இது நூற்றுக்கு இருபத்தேழு வீதமாகும். எனவே குவித்து நான்கு முறை அளந்தால், தலைதட்டி ஐந்து முறை அளந்ததற்கும் சற்று மிகுதியான பொருள் போய்விடும். இத்துணை வேறுபாட்டை ஒரே பெயரால் அழைத்தல் வஞ்சனைக்கு வாயில் திறப்பதாகும். அதனாலேயே 1835ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குவித்த அளவு பிரித்தானியாவில் ஒழிக்கப்பட்டது.

இக்கணக்கு எனக்கு வெறும் ஏட்டுக்கணக்கன்று. என் தந்தையார் வன்னியிலே சிறு வயல் செய்தவர். யான் சிறுவனாயிருந்தபோது ஒருமுறை விதைநெல் போதாமல் ஒருவரிடம் கடன்பட்டார். கொடுத்தவர் தம் பெட்டியால் தலைதட்டி அளந்து கொடுத்தார். அறுவடை முடிந்ததும் களத்துக்கு அதே பெட்டியோடு வந்து, குவித்து அளந்து வாங்கினார். வட்டி வேறாகச் சொல்லப்பட்டிருந்தது. அதனையும் குவித்தே அளந்தார். என் தாயார் தயங்கித் தயங்கி ஏதோ கூறியபோது, ‘பெட்டி ஒன்றுதானே, தங்கச்சி?’ என்று அவர் கேட்டது இன்றும் என் காதில் ஒலிக்கின்றது. பெட்டி ஒன்றுதான், புசலும் ஒன்றுதான். சொல்லில் யாதொரு பொய்யும் இல்லை. என் தந்தையார் விடை கூறவில்லை. அவருக்கு நெல்லை அளக்கத் தெரியும். சொல்லை அளக்கத் தெரியாது. அவர் பெட்டி ஆங்கிலச் சட்டத்துப் பெட்டியன்று. ஆகலின் இழப்பு இருபத்தேழு வீதந்தான் எனத் துணிந்து கூறேன். ஆயினும் இழப்பு வந்த வழி அதுவே.

முகத்தல் எடுத்தலாயினமை

குவியல் ஒழிந்தபின்னும் ஒரு குறை இருந்தது. ஒரு புசல் கலத்தில் நன்கு விளைந்த நெல்லும் கொள்ளும். பதர் மிகுந்த நெல்லும் கொள்ளும். அழுத்திச் சொரிந்தால் மிகுதியாகவும், மெல்லச் சொரிந்தால் குறைவாகவும் கொள்ளும். பெருவணிகம் வளர வளரத் தானியத்தைக் கலத்தால் முகப்பதிலும் தராசில் நிறுப்பது எளிதும் உறுதியும் ஆயிற்று. ஆனால் விலைப்பேச்சும் விளைச்சற்கணக்கும் புசலிலேயே ஊறிப்போயிருந்தன. ஆதலின் சொல்லைக் கைவிடாது பொருளை மாற்றினர். இன்ன தானியம் ஒரு புசலாவது இத்தனை இறாத்தல் என ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறை விதித்தனர்.

அமெரிக்க வணிக வழக்கில் கோதுமை ஒரு புசல் 60 இறாத்தல், சோளம் 56, வாற்கோதுமை 48, ஓட்ஸ் 32, நெல் 45. சிக்காகோ நகரத்துத் தானியச் சந்தையிலே கோதுமையும் சோளமும் இன்றும் புசலுக்கு இத்தனை சதம் என்றே விலை கூறப்படுகின்றன. ஆயினும் அங்கு எவரும் பெட்டியால் முகந்து அளப்பதில்லை.

இலங்கையில் நெல் ஒரு புசல் 46 இறாத்தலாகக் கொள்ளப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் நெற்கணக்குகள் இவ்வளவில் எழுதப்பட்டன. சுதந்திரத்தின் பின்னும் அவ்வழக்கு நீடித்தது. 1950களின் பெரும்பகுதியில் அரசாங்கம் உத்தரவாத விலைத் திட்டத்தின் கீழ் ஒரு புசல் நெல்லுக்குப் பன்னிரண்டு ரூபா கொடுத்து வந்தமையை முதியோர் நினைவுகூர்வர். மெற்றிக் அளவைகள் வந்தபின் விற்பனை கிலோகிராமுக்கு மாறிவிட்டது. கணக்கின்படி ஒரு புசல் நெல் ஏறத்தாழ 20.9 கிலோகிராம். எனினும் ‘இம்முறை ஏக்கருக்கு எத்தனை புசல்?’ என்னும் கேள்வி நம் வயல்வெளிகளில் இன்னும் மறைந்திலது.

இங்ஙனம் முகத்தலளவையாய்ப் பிறந்த சொல், நெல்லைப் பொறுத்தவரையில் எடுத்தலளவையாய் முடிந்தது. நம் பழைய நூலார் அளவு என்றும் நிறை என்றும் இரண்டாக நிறுத்திய எல்லையை இவ்வொரு சொல் கடந்துவிட்டது. அம்மாணவன் ‘நாற்பத்தாறு இறாத்தல்’ என எழுதியமை அறியாமையன்று; தன் வீட்டில் வழங்கும் பொருளை அவன் பிழையின்றி எழுதினான். ஆங்கிலத் தொடர் எழுந்த காலத்தில் புசல் நிறையாக மாறியிருக்கவில்லை என்பதொன்றே அவன் அறியாதது.

மரபுத்தொடர்களில் புசல்

இனி அத்தொடரை நோக்குவாம். விளக்கைக் கொளுத்தி மறைத்து வைப்பார் இல்லை என்னும் கருத்து விவிலியத்திலே மத்தேயுவின் சுவிசேடத்தில் வருகின்றது. கிரேக்க மூலத்தில் உள்ள சொல் மோதியோஸ். அது மோதியுஸ் என்னும் உரோமத் தானிய அளவின் பெயர். அதன் கொள்ளளவு ஏறத்தாழ ஒன்பது இலீற்றர். ஆங்கில அளவில் இஃது ஒரு பெக்குக்கு அண்மையது, புசலின் காற்பங்கே. பதினாலாம் நூற்றாண்டில் விக்கிளிவ் பெயரால் வழங்கும் மொழிபெயர்ப்பும், 1526இல் திண்டேல் செய்த மொழிபெயர்ப்பும், 1611ஆம் ஆண்டு அரச பதிப்பும் அதனைப் புசல் என்றே வழங்கின. அளவில் ஒத்ததோ என்பது அவர்க்கு முதன்மையாகத் தோன்றவில்லை. எந்த வீட்டிலும் இருக்கும் தானியக்கலம், விளக்கின்மேற் கவிழ்க்கத்தக்கது என்பதே அவர் கொண்டது. தமிழில் மொழிபெயர்த்தோர் அவ்விடத்தில் மரக்கால் என்னும் சொல்லை இட்டனர். கலத்துக்குக் கலம் வைத்த அம்மொழிபெயர்ப்பு மிகப் பொருத்தமானது. நம் மரபிலே இதனையே குடத்துள் இட்ட விளக்கு என்பர். அதன் மறுதலை குன்றின்மேல் இட்ட விளக்கு. எனவே அத்தொடரில் புசல் நெல்லுமன்று, நிறையுமன்று, கவிழ்த்த வெறுங்கலம்.

மற்றொரு பழமொழி, பிறருடைய தானியத்தைத் தன் புசலால் அளத்தல் என்பது. தன் இயல்பை அளவாகக்கொண்டு பிறர் செயலை மதிப்பிடுதல் என்பது பொருள். ஊருக்கு ஊர் புசல் வேறுபட்ட காலத்தை நினைவிற் கொண்டால் இதன் சுவை விளங்கும். தான் திருடி பிறரை நம்பாள் என்னும் நம் பழமொழி இக்கருத்தின் ஒரு பகுதியைத் தழுவியது.

நண்பனை அறிதற்கு அவனோடு பல மோதியுஸ் உப்பு உண்டிருத்தல் வேண்டும் என்னும் பழமொழியை உரோம அறிஞர் கிக்கரோ நட்பைப்பற்றிய தம் நூலில் எடுத்தாண்டார். ஆங்கிலத்தார் அதனைப் பெக்கு என்றும் புசல் என்றும் தத்தமக்கேற்ப மாற்றி வழங்குவர். உப்புச் சிறிது சிறிதாகவே உண்ணப்படுவது; ஆதலின் அத்துணை உப்பு என்பது நெடுங்காலத்தைக் குறிக்கும். ஷேக்ஸ்பியரின் வெனிசு வணிகன் நாடகத்திலே பசானியோ, கிராசியானோவின் பேச்சிலுள்ள கருத்தை இரண்டு புசல் பதரில் மறைந்த இரண்டு கோதுமை மணிக்கு ஒப்பிடுகின்றான். அங்கே புசல் ‘மிகுதி’ என்னும் பொருளை நோக்கி நகர்வதைக் காணலாம். பிற்கால ஆங்கிலத்திலே புசல் புசலாகப் பணம் என்றாற்போலப் பன்மையில் வழங்குவது முற்றாக இம்மிகுதிப் பொருளே. நாம் மூடை மூடையாக என்பது போன்றது அது.

இலக்கண வழக்கு

மாணவர் எழுத்தில் அடிக்கடி நேரும் வழுக்கள் மூன்று. அவற்றைச் சுருங்கக் கூறுவேன்.

முதலாவது, ஒவ் என்னும் இடைச்சொல்லை விடுதல். தமிழில் பத்துப் புசல் நெல் என அளவுப்பெயரும் பொருட்பெயரும் அடுத்தடுத்து நிற்கும். இடையே உருபு வேண்டா. ஆங்கிலத்திலோ ரென் புஷெல்ஸ் ஒவ் வீற் என ஒவ் வருதல் கட்டாயம். இரண்டாவது, பன்மையீற்றை விடுதல். தமிழில் அஃறிணைப் பெயர் ஒருமை பன்மை இரண்டுக்கும் பொதுவாய் நிற்றலின், பத்துப் புசல் என்பதே செவ்விய வழக்கு. ஆங்கிலத்தில் எண்ணின்பின் எஸ் என்னும் ஈறு வேண்டும். சில ஆங்கில நாட்டுப்புற வழக்குகளில் அவ்வீறின்றி வருதலும் உண்டு. ஆயினும் எழுத்து வழக்கில் அது கொள்ளப்படாது.

மூன்றாவது, முதலிரண்டையும் கற்றபின் நேர்வது. இரண்டு புசல் கொள்ளும் சாக்கு என்பதனை ஆங்கிலத்தார் ஏ ரூ புஷெல் சாக் என ஒருமையாலே கூறுவர். அடையாக வரும் அளவுப்பெயர் பன்மையீறு ஏலாது. ஆறடிச் சுவர் என்னுமிடத்திலும் ஃபீற் என்னாது ஃபுட் என்றே வரும். அடியைக் குறிக்கும் சொல்லில் இதற்கொரு பழங்காரணமும் கூறுவர். ஆங்கிலத்தின் தொன்மை வடிவிலே எண்ணின்பின் அளவுப்பெயர் ஆறாம் வேற்றுமைப் பன்மையில் நின்றது. அவ்வுருபு தேய்ந்தொழியவே ஒருமைபோன்ற வடிவம் எஞ்சிற்று. எனவே அது தோற்றத்தில் ஒருமை, பிறப்பிற் பன்மை.

வினைமுடிபும் கருதத்தக்கது. பத்துப் புசலையும் ஒரு தொகையாகக் கருதி ‘போதும்’ என்னுமிடத்து ஆங்கிலத்தில் ஒருமைவினை வரும். தனித்தனியே சுமந்தனர், தனித்தனியே விற்றனர் என்னும் கருத்து உள்வழிப் பன்மைவினை வரும். சொல்லுவோன் கருத்தே இங்கு இலக்கணம்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால், புசல் என்னும் ஒரு சொல் உள்ளங்கையில் தோன்றி, கலமாய், கொள்ளளவாய், நிறையாய், ஈற்றில் மிகுதி என்னும் வெறுங்கருத்தாய் வளர்ந்தமை பெறப்படும். அகராதி இவற்றை ஒன்று, இரண்டு என எண்ணிட்டு அடுக்கித் தரும். எந்த இடத்தில் எந்தப் பொருள் என்பதை ஆய்ந்து கொள்ளுதல் கற்போர் கடன். அதற்கு வழிகாட்டுதல் ஆசிரியர் கடன்.

மறுநாள் வகுப்பிலே இவ்வரலாற்றை என்னால் இயன்றவாறு எடுத்துக் கூறினேன். முதல்நாள் நகைத்தமைக்கு அம்மாணவனிடம் வருத்தம் தெரிவித்து, அவன் விடைக்கு அரைப்புள்ளி இட்டேன். முழுப்புள்ளி இடாமைக்குக் காரணம், தொடரின் பொருள் இன்னும் அவன் விடையில் வரவில்லை என்பதே. அதனை அவனும் ஒப்புக்கொண்டான். பின்பு அவன் எழுந்து, தங்கள் வீட்டிலே பாட்டனாரின் பழைய புசற்பெட்டி இருக்கின்றதென்றும், கோழி அதில் அடைகாக்கின்றதென்றும், அது பெட்டி மட்டுமே என்று இதுவரை எண்ணியிருந்ததாகவும் கூறினான். வகுப்பு மீண்டும் நகைத்தது. இம்முறை அவனும் உடன் நகைத்தான்.

என் தந்தையார் இன்றில்லை. இருந்திருப்பின் அவரிடம் ஒன்று கூறியிருப்பேன். களத்திலே அன்று கேட்கப்பட்ட கேள்விக்கு விடை உண்டு: பெட்டி ஒன்றுதான், அளவு இரண்டு. இவ்விடையைத் தக்க வேளையிற் சொல்லும் ஆற்றலை நம் மாணவர் பெறுவாராயின், மொழிப்பாடம் பரீட்சைக்கு மட்டும் உரியதன்று என்பது தெளிவாகும்.